ஏ லெவல் கிரேட் குறைந்துவிட்டால்: பெறுபேறு வந்த காலையிலிருந்து என்ன செய்வது

2023 ஓகஸ்ட் 17, வியாழக்கிழமை காலை. எங்கள் குசினி மேசையில் மகளின் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. பக்கத்தில் நான் வைத்த தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. பல்கலைக்கழகம் கேட்டது ஏஏபி. வந்தது ஏபிசி. உயிரியலில் ஏ, கணிதத்தில் பி, இரசாயனவியலில் சி. "அம்மா, எல்லாம் முடிஞ்சுது" என்றாள்.

முடியவில்லை. அன்று இரவு அவள் படுக்கப் போகும்போது அவளுக்கென்று ஒரு இடம் இருந்தது. ஆனால் அந்த நாளில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓகஸ்டிலும் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலர் அந்தக் காலையில் என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஏ லெவல் எழுதும் பிள்ளைகளுக்கானது. ஸ்கொட்லாந்தில் பெறுபேறு ஓகஸ்ட் முற்பகுதியிலேயே வந்துவிடும், பரீட்சை முறையும் வேறு.

பெறுபேறு வருவதற்கு முன்பே

முதலில் பயணம். ஏ லெவல் பெறுபேறு ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை வரும். 2024இல் 15ஆம் திகதி, 2025இல் 14ஆம் திகதி. அதே நாட்களில்தான் நல்லூர்த் திருவிழாவும் நடக்கும், எங்கள் சனத்தில் பாதிப் பேர் ஊரில் நிற்பார்கள். பதின்மூன்றாம் ஆண்டு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வருடம் பயணத்தைத் தள்ளி வையுங்கள், அல்லது பிள்ளையும் ஒரு பெரியவரும் மட்டுமாவது இங்கே நில்லுங்கள். இங்கே காலை 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மதியம் 12.30. விட்டுவிட்டு வரும் வைஃபையில், வெளிநாட்டு சிம்மில், நாற்பது நிமிடம் வரிசையில் காத்திருந்து கதைக்கும் அழைப்பை அங்கிருந்து செய்வது பெரிய பாடு. போயே ஆகவேண்டும் என்றால் பெறுபேற்றை மின்னஞ்சலில் அனுப்பும்படி பள்ளியிடம் முன்பே எழுதிக் கேட்டு வையுங்கள்.

அப்புறம், முதல் நாள் இரவே மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை: யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு) கணக்கின் கடவுச்சொல், யூகாஸ் இலக்கம், ஏ லெவலுக்கு முன் எழுதிய ஜிசிஎஸ்இ கிரேட்களின் பட்டியல் (கணிதமும் ஆங்கிலமும் கட்டாயம் கேட்பார்கள்), விண்ணப்பத்தில் எழுதிய தன்விவரக் கட்டுரையின் பிரதி, ஒரு கொப்பி, பேனா, போன் சார்ஜர்.

படி 1: கிரேட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், யூகாஸ் ஹப்பைப் பாருங்கள்

கிரேட் பள்ளியிலிருந்து வரும். இடம் கிடைத்ததா இல்லையா என்பது யூகாஸ் ஹப்பில், அதாவது பிள்ளையின் யூகாஸ் இணையக் கணக்கில் வரும். இரண்டும் வேறு வேறு. ஹப்பில் கிரேட் இருக்காது. பள்ளித் தாளில் பல்கலைக்கழகத்தின் முடிவு இருக்காது. காலை 8 மணியை ஒட்டி ஹப் புதுப்பிக்கப்படும்.

கிரேட் குறைந்தும் ஹப்பில் "உங்கள் இடம் உறுதி" என்று வந்த பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்குப் பெறுபேறு சில நாட்களுக்கு முன்பே போய்விடும். ஒவ்வொரு பாடநெறிக்கும் எத்தனை பேர் நிபந்தனையை நிறைவேற்றினார்கள், எத்தனை கதிரை மிச்சம் என்று எண்ணிப் பார்த்து, மயிரிழையில் தவறியவர்களில் சிலரை எடுத்துக்கொள்வார்கள். முன்பு இங்கிலாந்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்று அரசு எல்லை வைத்திருந்தது. 2015இல் அது நீக்கப்பட்டது. அதனால் இடம் இருக்கும் துறைகளில் ஒரு கிரேட் குறைந்தவரைச் சேர்ப்பதில் அவர்களுக்குத் தடை இல்லை. மருத்துவம், பல் மருத்துவம் மட்டும் விதிவிலக்கு, அங்கே எண்ணிக்கையை அரசுதான் தீர்மானிக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

ஹப்பைத் திறந்தால் ஐந்தில் ஒன்று தெரியும். ஃபேர்ம் என்று முதல் தெரிவாக ஏற்ற இடம் உறுதியாகியிருக்கலாம். அது கை விட்டு, இன்ஷூரன்ஸ் என்று காப்புக்கு வைத்த இரண்டாவது இடம் உறுதியாகியிருக்கலாம். கேட்ட பாடநெறிக்குப் பதிலாக வேறொன்று தருகிறோம் என்று இருக்கலாம். எந்த மாற்றமும் இல்லாமல் பழையபடி நிபந்தனையுடனேயே இருக்கலாம். அல்லது கிளியரிங்கில், அதாவது நிரம்பாத இடங்களுக்கு இடம் கிடைக்காதவர்கள் விண்ணப்பிக்கும் முறையில், இருக்கிறீர்கள் என்று வந்திருக்கலாம். இனிச் செய்ய வேண்டியது இந்த ஐந்தில் எது என்பதைப் பொறுத்தது.

படி 2: ஹப் இன்னும் மாறவில்லை என்றால்

இது நல்ல குறி. உங்கள் பெயரை இன்னும் தள்ளிவிடவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். உடனே அந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்குப் போன் எடுக்க வேண்டும்.

எடுக்க வேண்டியது பிள்ளை. இதை நான் அடித்துச் சொல்வேன். அன்று மகள் அழுதுகொண்டிருந்ததால் நானே போனை எடுத்துக் கதைத்தேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார், விண்ணப்பதாரியுடன் மட்டும்தான் கதைக்க முடியும் என்று. யூகாஸ் விண்ணப்பத்தில் பெற்றோரையோ வேறொருவரையோ தன் சார்பில் கதைக்க நியமிக்கும் வசதி உண்டு. நாங்கள் அதைச் செய்திருக்கவில்லை. செய்திருந்தாலும்கூட, ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பாடத்தில் குறைந்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே. பெற்றோர் பக்கத்தில் இருங்கள். தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். கொப்பியில் குறிப்பு எழுதுங்கள். குரல் பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

என்ன சொல்வது? கெஞ்ச வேண்டாம். அவர்கள் முடிவை மாற்றக்கூடிய செய்தியைச் சொல்லுங்கள். இரசாயனவியலில் பி எல்லைக்கு இரண்டு புள்ளிதான் குறைவு, விடைத்தாளை மறுபரிசீலனைக்குக் கொடுக்கிறேன். படிக்கப் போகும் துறைக்கு மிக நெருக்கமான உயிரியலில் ஏ வந்திருக்கிறது. இப்படி. எல்லைப் புள்ளிகளை ஏகியூஏ, பியர்சன், ஓசிஆர் போன்ற பரீட்சைச் சபைகள் அன்று காலையே தங்கள் தளங்களில் போட்டுவிடும். போன் எடுக்க முன் அதைப் பார்த்து வைத்திருங்கள். பரீட்சைக் காலத்தில் வீட்டில் மரணம், கடும் நோய் என்று ஏதாவது நடந்து, பள்ளி அதை அறிவித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்ட பாடநெறி கிடைக்காவிட்டால் அதே பல்கலைக்கழகத்தில் நெருங்கிய வேறு பாடநெறி உண்டா என்ற கேள்வியோடு முடியுங்கள்.

மாற்றுப் பாடநெறி தருகிறோம் என்று ஹப்பில் வந்தால் அவசரப்பட்டு ஆம் என்று அழுத்த வேண்டாம். எத்தனை வருடம், பட்டத்துக்கு முன் ஆயத்தமாகப் படிக்கும் அத்திவார ஆண்டு சேர்கிறதா, முதலாம் வருட முடிவில் முதலில் கேட்ட பாடநெறிக்கு மாற வழி உண்டா என்று கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகு முடிவு எடுங்கள்.

படி 3: இன்ஷூரன்ஸ் இடம்

ஃபேர்ம் மறுத்து, இன்ஷூரன்ஸின் நிபந்தனை நிறைவேறியிருந்தால் அந்த இடம் தானாகவே உங்களுடையதாகிவிடும். எங்களுக்கு இந்தக் கதவும் மூடிக்கிடந்தது. ஃபேர்ம் ஏஏபி, இன்ஷூரன்ஸ் ஏபிபி. ஒரு கிரேட்தான் இடைவெளி. அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதை வாசித்தால் ஒரு வார்த்தை: இன்ஷூரன்ஸ் இடம் ஃபேர்மை விட இரண்டு கிரேட்டாவது கீழே இருக்கட்டும். பெயருக்காக இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் இன்ஷூரன்ஸ் என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

இன்ஷூரன்ஸ் உறுதியாகி, ஆனால் அங்கே போக மனமில்லை என்றால் ஹப்பில் "என் இடத்தை நிராகரிக்கிறேன்" என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கிளியரிங்குக்குள் போகலாம். அழுத்தியதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே முதலில் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் போன் எடுத்து வாய்மொழியாகவாவது ஒரு இடம் கையில் வந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். தன் இன்ஷூரன்ஸைக் கோபத்தில் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே பல்கலைக்கழகத்துக்குக் கிளியரிங்கில் விண்ணப்பித்த பிள்ளை ஒருவரை எனக்குத் தெரியும். இடம் கிடைத்தது, ஆனால் விடுதி அறை போய்விட்டது.

படி 4: கிளியரிங்

கிளியரிங் என்றதும் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், மிச்சம் மீதி விற்கும் இடம் என்று. அந்த எண்ணத்தை விடுங்கள். பெயர் பெற்ற ரஸ்ஸல் குழுமப் பல்கலைக்கழகங்கள் பலவும் இதில் இடங்களைப் போடுகின்றன. முதல் விண்ணப்பத்தில் ஏஏபி கேட்ட பாடநெறி கிளியரிங்கில் ஏபிசிக்குக் கிடைப்பதும் நடக்கிறது, ஏனென்றால் கதிரை காலியாக இருந்தால் அவர்களுக்கும் நட்டம்தான். கிளியரிங் ஜூலை தொடக்கத்தில் திறந்து அக்டோபர் வரை ஓடும். ஆனால் நல்ல இடங்கள் பெறுபேறு நாளன்றும் அதற்கடுத்த ஓரிரு நாட்களிலும் போய்விடும்.

அன்று காலை எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அதிலேயே வழி இருக்கிறது. 9 மணிக்கு மகள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். யூகாஸ் தேடலில் உயிர்மருத்துவ விஞ்ஞானம் என்று போட்டு, கிளியரிங் இடம் உள்ளவற்றை மட்டும் எடுத்தோம். பெரிய பட்டியல். லண்டனுக்குள் அல்லது இரண்டு மணி நேர ரயில் தூரத்துக்குள் என்று குறைத்தோம். உயிர்மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்து இன்னும் குறைத்தோம், ஏனென்றால் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் பதிவுபெற்ற விஞ்ஞானியாக வேலை செய்ய அந்த அங்கீகாரம் பாதையை நேராக்கும். ஏழு பெயர் மிஞ்சியது. கொப்பியில் ஏழு வரி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: போன் இலக்கம், எத்தனை மணிக்கு எடுத்தோம், யார் கதைத்தார், என்ன சொன்னார், எதுவரை இடத்தைப் பிடித்து வைப்பார்கள்.

முதல் அழைப்பில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டோம், பிறகு "இடம் முடிந்துவிட்டது." இரண்டாவதில் ஒரு பெண் எடுத்தார். யூகாஸ் இலக்கம், ஜிசிஎஸ்இ, ஏ லெவல் என்று கேட்டுவிட்டு, "இரசாயனவியலில் என்ன நடந்தது?" என்றார். மகள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "இரண்டாவது தாளில் நேரத்தைப் பிரிக்கத் தவறிவிட்டேன், கடைசி இரண்டு கேள்வி முழுதாக எழுதவில்லை. செய்முறையில் நான் பலமானவள்" என்றாள். அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் மின்னஞ்சலில் ஆஃபர் வந்தது. நான் கதைத்திருந்தால் நோய், நொடி, ஆசிரியர் மாறியது என்று ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன்.

வாய்மொழி ஆஃபரை ஒன்றுக்கு மேல் வாங்கி வைக்கலாம். மூன்று இடத்தில் ஆம் என்று சொன்னாலும் எதிலும் நீங்கள் கட்டுப்படவில்லை. ஆனால் ஹப்பில் ஒரு நேரத்தில் ஒரு கிளியரிங் தெரிவை மட்டும்தான் சேர்க்கலாம். பெறுபேறு நாளில் பிற்பகல் 1 மணியிலிருந்து அது திறக்கும். சேர்த்துவிட்டீர்கள் என்றால் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டீர்கள் என்று பொருள். அந்தப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தினால் கதை முடிந்தது. ஆகவே காலை 8 முதல் 1 வரை போன், விசாரணை, யோசனை. 1 மணிக்குப் பிறகு முடிவு. முதல் ஆஃபர் தந்தவர் இரண்டு நாள் வரை பொறுக்கிறோம் என்றால் அந்த இரண்டு நாளில் ஒரு நாளை எடுத்து நேரில் போய்ப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் அந்த வார இறுதியில் கிளியரிங் பிள்ளைகளுக்கென்றே வாசலைத் திறந்து வைக்கும். நாங்கள் சனிக்கிழமை போனோம். ஆய்வுகூடத்தைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

போனில் கேட்க மறக்கக்கூடாதவை:

- இந்த ஆஃபரை மின்னஞ்சலில் எழுதித் தருவீர்களா, எதுவரை செல்லும்?
- விடுதி அறை உறுதியா? கிளியரிங் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் இந்த உத்தரவாதம் இல்லை.
- எந்த வளாகத்தில் படிப்பிக்கிறீர்கள், யார் படிப்பிக்கிறார்கள்?
- துறைசார் அங்கீகாரம் உண்டா? மருந்தாளர் படிப்பென்றால் பொது மருந்தாளர் சபையின் அங்கீகாரம் இல்லாமல் பட்டத்தால் பயன் இல்லை.
- என்னை உள்நாட்டு மாணவராகக் கணிக்கிறீர்களா, வெளிநாட்டு மாணவராகவா?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் சொல்ல வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தை வேறு தனியார் கல்லூரிகள் மூலம் படிப்பிக்கின்றன. எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் இந்த வகைக் கல்லூரிகளில் மாணவர் கடன் பணம் முறைகேடாகப் போவதைப் பற்றித் தேசியக் கணக்காய்வு அலுவலகமே 2024 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. கோயில் வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் "கிரேட் தேவையில்லை, நாங்கள் இடம் எடுத்துத் தருகிறோம்" என்று வரும் முகவர்களை நம்பி கடவுச்சொல்லையோ அடையாள ஆவணத்தையோ கொடுக்காதீர்கள். கிளியரிங்குக்கு முகவர் தேவையே இல்லை, ஒரு போன் போதும்.

ஐந்தாவது கேள்வி, அண்மையில் வேலை விசாவில் குடும்பத்தோடு வந்தவர்களுக்கு. பிள்ளை இங்கேயே பள்ளிக்குப் போனது என்பதால் மட்டும் உள்நாட்டுக் கட்டணம் கிடைத்துவிடாது. குடியுரிமை நிலையும் எத்தனை வருடம் இங்கே வசித்தீர்கள் என்பதும் பார்க்கப்படும். இரண்டு கட்டணத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மாணவர் விசாவில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரவிருக்கும் பிள்ளை என்றால், பல்கலைக்கழகம் மாறியதும் புதிய பல்கலைக்கழகத்தின் அனுமதி உறுதிப் பத்திரம் புதிதாக எடுக்க வேண்டும். விசாவுக்கு நேரம் போதுமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

படி 5: விடைத்தாள் மறுபரிசீலனை

கிளியரிங்கோடு சேர்த்து, அதே நாளில் ஓட வேண்டிய வேலை இது. பரீட்சைச் சபைக்கு நீங்கள் நேரே எழுத முடியாது, பள்ளி மூலம்தான் கேட்க வேண்டும். தனியாள் பரீட்சார்த்திகள் மட்டும் நேரே கேட்கலாம். புள்ளியைச் சரியாகக் கூட்டினார்களா என்று மட்டும் பார்க்கும் எழுத்தர் சோதனை ஒன்று. இன்னொரு திருத்துநர் விடைத்தாளை மீண்டும் பார்க்கும் மறுபரிசீலனை மற்றொன்று. பல்கலைக்கழக இடம் தொங்கிக்கொண்டிருக்கும் ஏ லெவல் பிள்ளைகளுக்கு முன்னுரிமைச் சேவை உண்டு. அதற்குப் பெறுபேறு வந்து ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பதில் 15 நாட்களுக்குள் வரும்.

மூன்று விடயம் மனதில் இருக்கட்டும். புள்ளி கூடவும் கூடும், குறையவும் குறையும். கிரேட் கீழே போனால் கீழே போனதுதான், அதனால்தான் பிள்ளையின் கையெழுத்துச் சம்மதம் கேட்கிறார்கள். இரண்டாவது, மறுபடி பார்ப்பவர் தனக்குத் தோன்றியபடி புதிதாகப் புள்ளி போட மாட்டார், முதல் திருத்துநர் பிழைவிட்டிருந்தால் மட்டுமே மாற்றுவார். ஆகவே எல்லைக்குப் பதினைந்து புள்ளி தள்ளி இருக்கும் தாளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். மூன்றாவது, கிரேட் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். முடிந்தால் விடைத்தாளின் பிரதியை முதலில் எடுத்துப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். "இந்தக் கேள்விக்கு நியாயமாக இன்னும் இரண்டு வந்திருக்க வேண்டும்" என்று அவர் சொன்னால் துணிந்து கொடுக்கலாம்.

மறுபரிசீலனை கொடுத்திருப்பதை ஃபேர்ம் பல்கலைக்கழகத்துக்கு அன்றே எழுதிச் சொல்ல வேண்டும். ஓகஸ்ட் இறுதி வரை இடத்தைப் பிடித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். சிலர் முடியும் என்பார்கள், சிலர் இந்த வருடம் நிரம்பிவிட்டது, கிரேட் உயர்ந்தால் அடுத்த வருடத்துக்குத் தருகிறோம் என்பார்கள். எங்களுக்கு இரசாயனவியலில் ஒரு புள்ளி கூடியது. பி எல்லைக்கு இன்னும் ஒரு புள்ளி குறைவு. கட்டணமும் திரும்பவில்லை. கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த இரண்டு புள்ளி எங்கள் வீட்டில் பல வருடம் பேசப்பட்டிருக்கும்.

மருத்துவம் கேட்டவர்களுக்கு

எங்கள் சமூகத்தில் இதுதான் அதிகம் வலிக்கும் இடம். எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் மருத்துவத்தில் கிரேட் குறைந்தால் இடம் கிடைப்பது அரிது, கிளியரிங்கிலும் மிகச் சில இடங்கள்தான் வரும். ஒக்ஸ்போர்ட் கிளியரிங்குக்கே வருவதில்லை. இருந்தாலும் ஃபேர்ம் கல்லூரிக்கு ஒரு போன் எடுத்துக் கேட்பதில் தவறில்லை.

அடுத்த வருடம் மறுபடி முயற்சிப்பதென்றால் உடனே கணக்குப் பார்க்க வேண்டிய நாட்கள் உண்டு. மருத்துவ அனுமதிக்கான யூகேட் பரீட்சைப் புள்ளி அந்த ஒரு வருட விண்ணப்பத்துக்கு மட்டும்தான் செல்லும், பழையது உதவாது, புதிதாக எழுத வேண்டும். அது செப்டம்பரோடு முடிந்துவிடும். மருத்துவ விண்ணப்பத்தின் கடைசி நாள் ஒக்டோபர் 15. ஓகஸ்ட் நடுவில் விழுந்த பிள்ளை எழுந்து நிற்பதற்குள் எட்டு வாரம் பறந்துவிடும். அத்தோடு, மறுமுறை எழுதிய ஏ லெவலை எல்லா மருத்துவக் கல்லூரிகளும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. சில ஏற்கும், சில கூடுதல் கிரேட் கேட்கும், சில முதல் முறையில் குறிப்பிட்ட கிரேட்டாவது வந்திருக்க வேண்டும் என்று கேட்கும். ஒவ்வொரு கல்லூரியின் அனுமதிக் கொள்கையையும் வாசித்து, உங்களை ஏற்கக்கூடிய நான்கைப் பொறுக்கி எடுங்கள். யூகாஸில் மருத்துவத்துக்கு நான்கு தெரிவுதான்.

"உயிர்மருத்துவ விஞ்ஞானம் எடுத்தால் பிறகு மருத்துவத்துக்கு மாறலாம்" என்று உறவினர் சொல்வார்கள். பட்டதாரிகளுக்கான நான்கு வருட மருத்துவப் படிப்பு உண்மையில் உண்டு, ஆனால் அங்கே போட்டி இன்னும் கடுமை. அந்தப் பட்டத்தை அதற்காகவே விரும்பிப் படிக்கும் பிள்ளை மட்டும் போகட்டும். பல்கேரியா, ருமேனியா போகும் பிள்ளைகளும் உண்டு. போகுமுன் அங்கே பெறும் பட்டத்தோடு இங்கே பதிவு செய்ய என்னென்ன பரீட்சை எழுத வேண்டும் என்று பொது மருத்துவச் சபையின் தளத்தில் பாருங்கள். முழுப் பட்டத்தையும் வெளிநாட்டில் படித்தால் இங்கிலாந்தின் மாணவர் கடன் கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

படி 6: ஒரு வருடம் பொறுத்து மறுபடி எழுதுவது

ஏ லெவலை இப்போது வருடத்தில் ஒரு முறை, மே–ஜூனில்தான் எழுதலாம். இங்கிலாந்து முறையில் ஒரு தாளை மட்டும் திருப்பி எழுத முடியாது, அந்தப் பாடத்தின் எல்லாத் தாள்களையும் எழுத வேண்டும். ஒப்படைப் புள்ளிகளைப் பழையதிலிருந்து கொண்டுவரலாம், விஞ்ஞானப் பாடங்களின் செய்முறைத் தகுதியும் அப்படியே நிற்கும். முதலில் பழைய பள்ளியில் கேளுங்கள், எடுக்க மாட்டோம் என்றால் பக்கத்தில் ஏ லெவல் படிப்பிக்கும் ஆறாம் படிவக் கல்லூரிகளை. தனியாள் பரீட்சார்த்தியாக எழுதுவதென்றால் பரீட்சை நிலையத்தை இலையுதிர்காலத்திலேயே தேடிப் பிடித்து, புதுவருடம் பிறந்ததும் பதிவை முடித்துவிட வேண்டும். ஒரு பாடத்துக்கே நூற்றுக்கணக்கான பவுண் போகும், ரியூஷன் தனி.

மறுபடி எழுதாமலே, கையில் இருக்கும் கிரேட்டோடு அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிப்பதும் ஒரு வழி. கிரேட் ஏற்கெனவே தெரியும் என்பதால் நிபந்தனையற்ற ஆஃபர் வர வாய்ப்பு உண்டு, அடுத்த ஓகஸ்டில் நெஞ்சிடி இருக்காது. ஒன்று கவனம்: 2026ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து யூகாஸ் தன்விவரக் கட்டுரை மூன்று கேள்விகளாக மாறிவிட்டது, மொத்தம் 4,000 எழுத்து. அதற்கு முன் எழுதிய கட்டுரையை அப்படியே ஒட்ட முடியாது. முதல் முறை எடுத்த கிரேட்டையும் மறைக்கக்கூடாது, எல்லாவற்றையும் குறிப்பிட வேண்டும்.

இந்த ஒரு வருடம் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், எங்கே பிழைத்தது என்று தானே சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பொருந்தும். "அம்மா அப்பா சொன்னார்கள்" என்பதற்காக மறுபடி எழுதும் பிள்ளைக்கு அதே கிரேட் வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வேறு வழிகள்

அத்திவார ஆண்டோடு கூடிய நான்கு வருடப் பட்டம் பல இடங்களில் கிளியரிங்கிலேயே கிடைக்கும். இங்கிலாந்தில் 2025–26இல் வகுப்பறைப் பாடங்களுக்கு அந்த முதல் வருடத்தின் கட்டணம் அதிகபட்சம் 5,760 பவுண். சாதாரணப் பட்ட வருடத்துக்கு 9,535 பவுண். பட்டத்தோடு கூடிய தொழிற்பயிலுநர் வேலை என்றால் கல்விக் கட்டணமே இல்லை, சம்பளமும் வரும். பொறியியல், கணினி, கணக்காய்வு, தாதியியல் என்று பல துறையில் உண்டு, வருடம் முழுவதும் விளம்பரம் வரும், ஆனால் போட்டி சாதாரணமல்ல. 1969இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நுழைவுக் கிரேட் கேட்பதில்லை. வேலை செய்துகொண்டே படிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல வழி.

இடம் கிடைத்த பிறகு அதே வாரத்தில்

மாணவர் கடனுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த விண்ணப்பத்தில் பல்கலைக்கழகத்தையும் பாடநெறியையும் மாற்றினால் போதும். வீட்டிலிருந்து போவதா, வெளியில் தங்குவதா என்பது மாறியிருந்தால் அதையும் மாற்றுங்கள், வாழ்க்கைச் செலவுக் கடனின் அளவு அதைப் பொறுத்தது. இதைத் தள்ளிப்போட்டால் செப்டம்பரில் வாடகை கேட்கும்போது பணம் வந்திருக்காது. விடுதிக்கு அன்றே விண்ணப்பியுங்கள். பழைய பல்கலைக்கழகத்தில் கட்டிய விடுதி முற்பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள். பெறுபேறு காரணமாக இடம் போனவர்களுக்குப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், ஆனால் அதற்கும் கடைசி நாள் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, போன் அழைப்புகள். அன்று காலை 9 மணியிலிருந்து மாமி, சித்தப்பா, கனடாவில் இருக்கும் பெரியம்மா என்று வரிசையாக "என்ன றிசல்ட்?" என்று கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் பிள்ளை யூனி வரிசையில் காத்திருக்கும் போனுக்கு அந்த அழைப்புகள் வரக்கூடாது. எங்கள் வீட்டில் இவர் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பினார்: "யூனியோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். முடிவானதும் அவளே எடுப்பாள்." அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மகள் படிக்கட்டில் உட்கார்ந்து யாழ்ப்பாணத்துக்கு எடுத்தாள். அங்கே இரவு பத்தரை, அம்மம்மா நித்திரை கொள்ளாமல் காத்திருந்தா. இரசாயனவியல் சி என்றும், வேறு யூனியில் இடம் கிடைத்தது என்றும் இவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க சமைக்க இடம் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டா.